ஜனவரியில் ஒரு நாள், லாங்வுட் சோலை: பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலைக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை கிலோமீட்டர் நடப்பதாகத் திட்டம் என்றுதான் முதலில் கேட்பேன். எட்டு, பத்து என்று உற்சாகமாகச் சொல்வார்கள். நானும் முதல் முறை கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு அப்படித்தான் போனேன். காலையிலிருந்து மதியம் வரை நிற்காமல் நடந்தேன். குறிப்பேட்டில் ஏறியது பதினொரு வகை, அதில் பாதி ஊருக்குள்ளேயே பார்க்கக்கூடியவை. அடுத்த வருடம் அதே ஜனவரியில் முட்டி வலி. நடக்க முடியாமல், ஒரு பெரிய மரம் விழுந்து வானம் திறந்திருந்த ஒரு வளைவில் வெயில் படும்படி உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரத்துக்குள் பத்தொன்பது வகை என்னைக் கடந்து போயின. நான் எழுந்திருக்கக்கூட இல்லை.

கீழே எழுதியிருப்பது எல்லாமே அந்த முக்கால் மணி நேரத்தில் ஆரம்பித்ததுதான். பனிக்காலத்தில் சோலையின் கடிகாரம் வெயில். இரவு முழுக்கக் குளிரில் கிடந்த பூச்சிகள் உடம்பு சூடேறும் வரை அசையாது, பூச்சி அசையாதவரை அதைத் தின்கிற பறவைக்கு அங்கே வேலை இல்லை. அதனால் வெயில் முதலில் எந்தக் கிளையில் விழுகிறது, அப்புறம் எங்கே இறங்குகிறது, எப்போது அடிக்காட்டைத் தொடுகிறது என்று பார்த்து, அதன் பின்னாலேயே போனால் போதும். நாள் முழுக்கப் பறவை இருக்கும்.

ஏன் லாங்வுட், ஏன் ஜனவரி

லாங்வுட் சோலை கோத்தகிரி ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். மொத்தம் 116 ஹெக்டேர்தான், சுற்றிலும் தேயிலையும் ஊர்களும். சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் தருகிற காடு இது. 2024 ஜனவரியில் இதை ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள், அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கும் அதே சமயத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. ஒரு காட்டை எப்படி ஈரநிலம் என்கிறார்கள் என்று கேட்பவர்கள், உள்ளே போய் இலைச்சருகில் கையை வைத்துப் பார்க்கட்டும். மழை நின்று மூன்று வாரம் ஆனாலும் கை நனையும். பாசி, ஓடை, சதுப்பு எல்லாம் சேர்ந்து பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

காலத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயம். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே கிடைக்கும். நவம்பரில் போனால் மூடுபனியும் அட்டையும்தான் பார்க்கலாம், டிசம்பர் நடுவில்கூட நம்ப முடியாது. ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி கடைசி வரை வானம் தெளிந்திருக்கும். விருந்தாளிப் பறவைகள் எல்லாம் வந்து இடம்பிடித்து முடித்திருக்கும். பொங்கல் விடுமுறையில் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015 முதல் நடக்கிறது. நீங்கள் பார்த்ததும் அதில் சேரும்.

முந்தின நாள்

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், பேருந்துகள் இருக்கின்றன. ஆனால் அன்றைக்கே சோலைக்குப் போகாதீர்கள். போய்ச் சேரும்போது ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும், நாளின் நல்ல பாதி கைவிட்டுப் போயிருக்கும். அன்று சாயங்காலம் ஊரைச் சுற்றிப் பாருங்கள், இரவு கோத்தகிரியில் தங்குங்கள்.

சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இது உண்டு, இணையத்தில் எடுக்கலாம். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, அதனால் எவர்சில்வர் பாட்டில் ஒன்று.

சோலைக்குள் போவதற்கு அனுமதி, கட்டணம், நுழையும் நேரம் மூன்றையும் முந்தின நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது காப்புக்காடு. வேலிச் சந்தில் நுழைந்து போய்விட்டு வந்தேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள், அடுத்து வருகிற எல்லோருக்கும் கதவு மூடும். விடிவதற்கு முன்னால் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் முதல் இரண்டு மணி நேரத்தைச் சாலையோரத்திலும் சோலையின் விளிம்பிலும் வைத்துக்கொள்ளும்படி இந்தத் திட்டத்தைப் போட்டிருக்கிறேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பைனாகுலர் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். இதில் விவாதம் வேண்டாம் என்பது என் கருத்து. 10×42 வைத்திருப்பவர்கள் அதிகம் தெரியும் என்று நினைக்கிறார்கள், வெட்டவெளி ஏரிக்கரையில் அது சரி. சோலைக்குள் இருட்டு. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் அவ்வளவுதான். அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் காலை ஏழு மணிக்கு ஒரு பழுப்புக் குருவியின் புருவக்கோடு தெரிகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். அதோடு, இங்கே பறவைகள் பத்தடி தூரத்தில் வந்து நிற்கும். இரண்டு மீட்டர் கிட்டத்திலும் தெளிவாகக் காட்டுகிற பைனாகுலராக இருந்தால் ரொம்ப நல்லது. வாங்குவதற்கு முன் கடையிலேயே உங்கள் செருப்பின் முனையைப் பார்த்துச் சோதித்துக்கொள்ளலாம்.

குளிரில் கண்பக்கக் கண்ணாடியில் மூச்சு பட்டு மங்கும். சட்டையால் துடைக்காதீர்கள், பூச்சு போய்விடும். மூக்கு வழியாகக் கீழ்நோக்கி மூச்சு விடப் பழகுங்கள், மங்கினால் அப்படியே விட்டு அரை நிமிடம் காத்திருங்கள்.

உடுப்பு அடுக்கடுக்காக. அதிகாலையில் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும், பதினொரு மணிக்கு வியர்க்கும். கழற்றும்போது சரசரக்காத துணியாக இருக்கட்டும், இந்த மழைக்கோட்டுச் சத்தம் இருக்கிறதே, ஒரு கைவீச்சுக்குள் முன்னால் இருந்த பறவையெல்லாம் போய்விடும். நிறம் மண், இலை, பழுப்பு. வெள்ளை வேண்டாம். மூடிய காலணி, உயரமான சாக்ஸ். உட்கார ஒரு மடித்த சாக்கு அல்லது பழைய பாய்த்துண்டு, இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள், இந்த வழிகாட்டியில் அதுதான் முக்கியமான கருவி. குறிப்பேடு, பென்சில். ஃபிளாஸ்க்கில் டீ. மதியத்துக்குப் புளிசாதமோ சப்பாத்தியோ, சிந்தாமல் சாப்பிடக்கூடியது எதுவானாலும் சரி.

6 மணி: காதால் ஆரம்பியுங்கள்

ஜனவரியில் சூரியன் எழுவது 6:40 மணியை ஒட்டி. ஆறு மணிக்கே விளிம்புக்கு வந்து நின்றுவிடுங்கள். இந்த நேரத்தில் பைனாகுலரை எடுக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட நல்லதுதான்.

முதலில் கூவுவது பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழி. நாட்டுச்சேவலின் கூவலைப் பாதியில் உடைத்த மாதிரி, கரகரப்பாக, முடிவு இழுக்காமல் நின்றுவிடும். அப்புறம் சீகாரப் பூங்குருவி. மழைக்காலத்தில் ஒரு பையன் சும்மா சீழ்க்கை அடித்துக்கொண்டே போவது மாதிரி நீளமாகப் பாடுவது இதுதான். ஜனவரியில் அந்தப் பாட்டு அபூர்வம், ஓடைப்பக்கமிருந்து கூர்மையான ஒற்றை 'க்ரீ' மட்டும் வரும். கறுப்பாகத் தெரிகிற அதன் மேல் வெயில் பட்டால் தோளிலும் நெற்றியிலும் நீலம் மின்னும்.

வெளிச்சம் கொஞ்சம் வந்ததும் சோலைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும். ஒன்று ஆரம்பித்தால் நான்கைந்து சேர்ந்துகொள்ளும். நீலகிரிச் சிரிப்பான். உலகத்திலேயே நீலகிரியும் அதை ஒட்டிய உயரமான மலைகளும் தவிர வேறெங்கும் இது கிடையாது. கறுத்த தாடை, வெள்ளைப் புருவம், செங்கல் நிற வயிறு. கேட்ட உடனே தேடிக்கொண்டு ஓட வேண்டாம், பகலில் பாதை ஓரத்திலேயே வரும்.

கேட்ட ஒவ்வொரு குரலுக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள்: மேலிருந்தா கீழிருந்தா, ஒற்றையா தொடரா, ஏறுகிறதா இறங்குகிறதா. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கைபேசியில் மெர்லின் (பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி) வைத்திருப்பவர்கள் ஒலிப்பதிவை ஓடவிடலாம். ஆனால் அது காட்டுகிற பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாலோ உங்கள் காதாலோ உறுதிப்படுத்தாததைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

7 மணி: மர உச்சி

வெயில் முதலில் கிழக்கு பார்த்த விளிம்பில், உயரமான மரங்களின் தலையில் விழும். சாலைக்கு அந்தப் பக்கம் தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களிலும் விழும். பெரிய பறவைகள் குளிர் காய அங்கேதான் வரும். மொட்டைக் கிளையில் இறகைச் சிலுப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும், பார்ப்பதற்கு இதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

நீலகிரிக் காட்டுப்புறாவை நான் நன்றாகப் பார்த்ததெல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில்தான். மற்ற நேரத்தில் இலைக்குள்ளிருந்து படபடவென்று ஓர் இறக்கைச் சத்தம், அவ்வளவுதான், போய்விடும். வெயில் காயும்போது பாருங்கள், பின்கழுத்தில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். சோலையின் பழமரங்களை நம்பி வாழ்கிற பறவை, பழத்தை முழுசாக விழுங்கும்.

கூடவே கருஞ்சின்னான் கூட்டம், பூனைக்குட்டி மாதிரி சிணுங்கிக்கொண்டு, சிவந்த அலகோடு. வெள்ளைக்கன்னக் குக்குறுவான். ஆரஞ்சு மின்சிட்டு, ஆண் நெருப்புத் துண்டு போல, பெண் எலுமிச்சை மஞ்சள். சாம்பல் கரிச்சானும் இருக்கும், அது பனிக்கால விருந்தாளி, நம் ஊர்க் கரிச்சானைவிட மங்கல், ஆனால் கண் இரத்தச் சிவப்பு.

இங்கே பொறுமை வேண்டாம். அரை மணியில் ஒரே மரத்தைப் பார்த்து முடித்துவிட்டு நகரலாம்.

8 முதல் 10: உட்காருங்கள்

உள்ளே நுழைந்ததும் முன்னூறு நானூறு மீட்டர் மெதுவாக நடந்து, மரம் விழுந்த இடைவெளி, ஓடை குறுக்கிடும் இடம், பாதை அகலமாக வளையும் இடம் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுக்கு ஒரே விதி: வெயில் தரை வரை இறங்கியிருக்க வேண்டும், அல்லது இன்னும் பத்து நிமிடத்தில் இறங்கப் போக வேண்டும். முதுகுக்கு மரம், முகம் வெயில் விழும் இலைகளை நோக்கி. பாயை விரித்து உட்காருங்கள். ஒரு மணி நேரம் எழுந்திருக்காதீர்கள்.

முதல் இருபது நிமிடம் ஒன்றுமே நடக்காது. சோலை காலியாக இருக்கிறது என்று தோன்றும். இந்த இடத்தில்தான் எல்லோரும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உண்மையில் பறவைகள் எங்கும் பரவியில்லை, அத்தனையும் ஒரே கும்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் ஒவ்வொரு ஜோடியும் தன் எல்லையில் இருக்கும். பனிக்காலத்தில் பல வகைகள் சேர்ந்து கூட்டமாக இரை தேடும். ஒன்று கிளப்பிவிடுகிற பூச்சியை இன்னொன்று பிடிக்கும், வல்லூறு வந்தால் பார்ப்பதற்கு முப்பது ஜோடிக் கண் இருக்கும். இந்தக் கூட்டம் ஒரே சுற்றில் காடு முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும், வெயில் விழும் இடங்களைத் தொட்டுத் தொட்டு. நீங்கள் நடந்தால் அதற்கு எதிர்த்திசையில் நடப்பதற்கும் வாய்ப்பு சரிபாதி. உட்கார்ந்திருந்தால் அது உங்களிடம் வரும்.

வருவதை முதலில் காதுதான் சொல்லும். சாம்பல்தலை ஈப்பிடிப்பானின் குரலைப் பழகிக்கொள்ளுங்கள், சின்னச் சிணுங்கலாகச் சொல்லிக்கொண்டே இருக்கும், வாயை மூடாது. சாம்பல் தலை, மஞ்சள் வயிறு, நிமிர்ந்த உட்காரல். கூட்டத்துக்கு அறிவிப்பாளர் மாதிரி. அது கேட்டதும் பைனாகுலரை மார்புக்கு உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கண்ணில் வைக்க வேண்டாம். வெறுங்கண்ணால் அசைவைப் பிடித்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும், பத்து நிமிடத்தில் போய்விடும். எதைப் பார்ப்பது என்று தவிப்பீர்கள். நான் உயரத்தை வைத்துப் பிரித்துக்கொள்கிறேன். முதலில் தண்டு: பசையெடுப்பான் தலைகீழாக இறங்கும், நீல ஊதா உடம்பு, சிவந்த அலகு, மரத்தண்டில் தலைகீழாக இறங்குகிற குருவி என்றாலே அதுதான். பிறகு நடுக்கிளை: வெள்ளைக்கண்ணிகள் இருபது முப்பது, பட்டாணிக்குருவி இரண்டு மூன்று, நீலகிரி ஈப்பிடிப்பான். கடைசியாக உச்சியில் கதிர்க்குருவிகள். அவற்றைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அவற்றில் மாட்டிக்கொண்டால் மற்ற எல்லாம் போய்விடும்.

நீலகிரி ஈப்பிடிப்பானில் ஒரு குழப்பம் வரும். பனிக்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து இன்னொரு நீல ஈப்பிடிப்பானும் இங்கே வருகிறது. அது மயில்துத்தம் கரைத்த தண்ணீர் மாதிரி பச்சை கலந்த நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்பு பளிச்சென்று தெரியும். நம் ஊர்க்காரன் அவுரி நீலம், நெற்றி மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக, வயிறு சாம்பல் பக்கம் போகும். இரண்டும் ஒரே கிளையில் உட்கார்ந்து நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அப்புறம் எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை.

கதிர்க்குருவிகளுக்கு வருவோம். பச்சை கலந்த பழுப்பு, விரல் நீளம், ஒரு நொடி நிற்காது. மத்திய ஆசியாவிலிருந்தும் இமயத்திலிருந்தும் நம் மலைக்கு வந்து ஆறேழு மாதம் இருக்கிற பறவைகள் இவை. புத்தகத்தை வைத்துக்கொண்டு இறகுக்கோட்டை எண்ணுவதைவிடக் குரலில் பிடிப்பது சுலபம். பச்சைக் கதிர்க்குருவி சட்டென்று ஒட்டிப்பேசும், 'சிஸ்லிட்' என்று இரண்டு அசை ஒன்றாகும். பெரிய அலகுக் கதிர்க்குருவி இரண்டு அசையையும் தனித்தனியாகச் சொல்லும், இரண்டாவது அசை மேலே ஏறும், கேள்வி கேட்பது போல இருக்கும், அடர்ந்த சோலைக்குள் கேட்பது அதிகமும் அதுதான். வயிறு முழுக்க மஞ்சளாக, தாழ்வான புதர் வரை இறங்கி வந்தால் டிக்கெல் கதிர்க்குருவி. இந்த மூன்றைப் பிரிக்கப் பழகவே எனக்கு மூன்று பனிக்காலம் ஆனது, அதனால் ஒரே நாளில் வராவிட்டால் கவலைப்படாதீர்கள்.

மலைக்கு வருகிற விருந்தாளிகளில் நான் வருடா வருடம் தேடுவது காஷ்மீர் ஈப்பிடிப்பான். வடமேற்கு இமயத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இலங்கையின் மலைகளுக்கும் நம் தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருகிறது. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மண் நிறம், அந்தச் செம்மையின் இரு ஓரத்திலும் மை தீட்டிய மாதிரி கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது. சோலையின் இருட்டில் இதைத் தேட வேண்டாம், மரங்கள் கலைந்து நிற்கும் விளிம்பிலும் பூங்கா மாதிரியான இடங்களிலும் பாருங்கள். வாலை வெடுக்கென்று தூக்கும்.

10 முதல் 12: அடிக்காடு

இந்த நேரத்தில்தான் வெயில் சாய்வு குறைந்து குறிஞ்சிப் புதர்களுக்குள் காசு காசாக விழ ஆரம்பிக்கும். உச்சியை மறந்துவிட்டு இடுப்புக்குக் கீழே பாருங்கள்.

கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். இதற்காக மட்டுமே கோத்தகிரி போகலாம். பெயரில் இருக்கும் இரண்டு நிறத்துக்கு மேல் ஆணிடம் எதுவும் இல்லை: தலையும் இறக்கையும் கரி, மற்றதெல்லாம் பழுத்த ஆரஞ்சுப்பழம். மற்ற ஈப்பிடிப்பான்கள் பறந்து பிடிக்கும், இது தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் ஒரு குச்சியில் உட்கார்ந்து, அசையாமல் காத்திருந்து, சருகில் ஏதாவது நெளிந்தால் இறங்கி எடுத்துக்கொண்டு பக்கத்துக் குச்சிக்குப் போகும். ஒருமுறை என் நீட்டிய காலுக்கு நான்கடி தள்ளி ஓர் ஆண் வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் ஒரு வெயில் காசு விழுந்திருந்தது, மார்பு இறகின் ஓரமெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. குளிருக்கு உப்பியிருந்தது, கழுத்தே இல்லாத உருண்டை. ஒரு சின்னப் பச்சைப் புழுவைக் குச்சியில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி விழுங்கியது. அப்புறம் அலகைத் துடைத்தது, இடது பக்கம், வலது பக்கம், இடது பக்கம். பைனாகுலரை எடுக்கவே இல்லை, கையை அசைக்க மனம் வரவில்லை. பூச்சி இரைச்சல் மாதிரி மெலிதாக ஒரு 'ச்சி-ரி-ரி' கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள், பத்தடிக்குள் இருக்கும்.

இன்னொன்று சோலைக்கிளி. கிளி என்று பெயர் வந்தாலும் இது கிளி இல்லை, கிளி என்றால் மலையாளத்தில் பறவை. கருநீல மேனி, செம்பழுப்பு விலா, நீண்ட கால். ஓடையோர இருட்டில் தரையில் தத்தும். 2017-ல் மரபணு ஆய்வு செய்து, இந்த மலைகளின் சோலைக்கிளிகளுக்கென்றே ஒரு தனிப் பேரினம் வைத்தார்கள், நீலகிரிச் சிரிப்பானுக்கும் அப்படியே. மேகத்துக்கு மேலே தீவு தீவாக நிற்கிற உச்சிகளில் லட்சக்கணக்கான வருடம் தனித்திருந்து தனி வழி போன பறவைகள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே போனால் வேறு சோலைக்கிளி. ஓடை குறுக்கிடும் இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் கிடைக்கும். அதே இருட்டில் பனிக்காலத்தில் இந்திய நீல ராபினும் இருக்கும், இமயத்திலிருந்து வந்தது. அதற்கு வெள்ளைப் புருவம், ஆரஞ்சு மார்பு, வாலை நடுக்கிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை ஒரு சுற்றுலாக் குழு இதே ஓடையில் ஒலிபெருக்கி வைத்துச் சோலைக்கிளியின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பறவை எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து வெளியே வந்து வந்து போனது, கிட்டத்தட்ட அரை மணி நேரம். எல்லோருக்கும் படம் கிடைத்தது. குளிர்காலப் பகல் குறுகியது, அந்த அரை மணி அது சாப்பிட்டிருக்க வேண்டிய நேரம். தயவுசெய்து குரலைப் போடாதீர்கள். ஃபிளாஷும் வேண்டாம். உங்களை அழைத்துப்போகும் வழிகாட்டி போட முயன்றால் வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

மதியம்

பன்னிரண்டு முதல் இரண்டரை வரை சோலை உறங்கும். சாப்பிடுங்கள். வானத்தை மட்டும் அவ்வப்போது பாருங்கள், ஏனென்றால் சூடான காற்று மேலே ஏறும் நேரம் இது, கருங்கழுகு மரத்தலைகளை உரசுகிற மாதிரி மெதுவாகச் சுற்றிவரும். நீண்ட அகலமான இறக்கை, நுனியில் விரல் விரித்தது போல இறகுகள், மஞ்சள் கால். கொண்டைப் பாம்புக்கழுகின் மூன்று அசைச் சீழ்க்கையும் கேட்கும்.

3 முதல் 5: தேயிலை விளிம்பு

சோலையை விட்டு வெளியே வாருங்கள். சாயங்கால வெயில் மேற்கு பார்த்த சரிவில் நிற்கும், அங்கே தேயிலையும் வேலிப்புதரும் ஓடைக்காலும் சேருகிற இடங்களில் வேறொரு பட்டியல். சாம்பல் வாலாட்டி ஓடைக்கல்லில், மஞ்சள் அடிவயிறோடு. புதர்ச்சிட்டு தேயிலை மேல். கீச்சான் கம்பியில். புதருக்குள்ளிருந்து முகம் காட்டாமல் 'செக், செக்' என்று அதட்டுவது நாணல் கதிர்க்குருவி, அதைப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம், குரல் போதும். காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான் மரம்) சிவப்பாகப் பூத்திருந்தால் அதன் அடியில் நில்லுங்கள், தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் மகரந்தம் அப்பிய முகத்தோடு வந்து போகும்.

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் என்றால் கரடி, காட்டெருமை, சில சமயம் சிறுத்தை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் நான்கரை மணிக்கு ஒரு சரிவில் இறங்கப் போனேன். கொழுந்து பறித்துவிட்டு மூட்டையோடு வந்த ஓர் அம்மா நிறுத்தினார். "அந்தப் பக்கம் போகாதே தம்பி, மத்தியானத்துல இருந்து குட்டியோட கரடி நிக்குது." நான் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். அங்கே இருப்பவர்கள் சொன்னால் அதோடு சரி, ஏன் எப்படி என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். காட்டெருமை பாதையில் நின்றால் வந்த வழியே திரும்புங்கள். அது தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறது என்றாலே ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள். தனியாகப் போகாதீர்கள், காதில் இயர்போன் போடாதீர்கள், தனியார் தோட்டத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள்.

அந்தி

ஆறேகாலை ஒட்டி சூரியன் இறங்கும். அதற்குப் பிறகு கால் மணி நேரம் மட்டும், சாலையை விட்டு இறங்காமல், வண்டிக்குப் பக்கத்திலேயே, சோலை முடிந்து ஈரமான புல் ஆரம்பிக்கும் இடத்தைப் பார்த்து நில்லுங்கள். பகலெல்லாம் சோலைச் சருகோடு சருகாகப் படுத்திருந்த காட்டு உள்ளான் இந்த நேரத்தில் சேற்றில் புழு தோண்ட வெளியே பறந்து வரும். நீள அலகைக் கீழே சாய்த்துக்கொண்டு, குண்டாக, ஆந்தையா வௌவாலா என்று மயங்குகிற பறப்பு. இமயத்திலிருந்து பனிக்காலத்துக்கு மட்டும் வருவது. ஏழு வருடத்தில் நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் நான்கு நொடிக்கு மேல் இல்லை. மற்ற அந்திகளில் சீகாரப் பூங்குருவியின் கடைசிக் குரலும் சிரிப்பான்கள் அடங்குகிற சத்தமும் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

இரவு: பட்டியல்

தூங்குவதற்கு முன், பறவைப் பட்டியல்களைச் சேகரிக்கும் இணையதளமான ஈ-பேர்டில் ஏற்றிவிடுங்கள். நாள் முழுவதையும் ஒரே பட்டியலாகப் போடாதீர்கள். விளிம்பில் நின்றது ஒன்று, உட்கார்ந்திருந்தது ஒன்று, நடந்தது ஒன்று, தேயிலைப் பக்கம் ஒன்று என்று நேரமும் தூரமும் சரியாக எழுதிப் பிரித்துப் போட்டால்தான் அது பின்னால் யாருக்காவது பயன்படும். எண்ணிக்கை தெரியாத இடத்தில் குறி மட்டும் போட்டு விட்டுவிடாமல், வெள்ளைக்கண்ணி இருபத்தைந்து இருக்கும் என்று தோன்றினால் இருபத்தைந்து என்றே எழுதுங்கள். காக்கையையும் மைனாவையும் விடாதீர்கள்.

குரலும் கேட்காமல் வயிறும் தெரியாமல் உச்சியில் தாவிப்போன அந்த நான்கு கதிர்க்குருவிகளுக்கு ஊகித்து ஒரு பெயர் வைக்க வேண்டாம். 'கதிர்க்குருவி வகை – 4' என்று போடுவதற்கு அதில் இடம் இருக்கிறது. என்னுடைய எல்லா ஜனவரிப் பட்டியலிலும் அந்த ஒரு வரி இருக்கும்.